பல் டாக்டரின் கப்பல்

அன்று தூறல் போட்டதா இல்லையா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இருக்கிறது. என் நினைவில் நல்ல வெயில். வாண்டாவைக் கேட்டால், காலை முழுதும் தூறிக்கொண்டிருந்தது என்பாள். நான் ஒரே ஒரு குடையைக் கொண்டுவந்து அதையும் நானே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன் என்றும் சொல்வாள். அப்படிச் செய்யக்கூடியவன்தான் நான் என்பதால் மறுக்கத் தைரியம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனது சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்பதும் குழப்பம்தான். ஆனால் நான் பேசிய வார்த்தைகளை நம்பலாம். மறந்துபோகும் அளவுக்கு நான் அன்று பேசவில்லை.

என் பெயர் எர்கோலே. பழைய கதைகளில் சிங்கத்தை வெறுங்கையால் கொன்ற பலசாலியின் பெயர் அது. எனக்கு ஜாம் பாட்டிலைத் திறக்கவே ஒரு துணியும் கொஞ்சம் வெந்நீரும் வேண்டும். ஜெனோவாவில் பிறந்து, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றவன். மனைவி ஒருகாலத்தில் இருந்தாள். நான் ஏதாவது பேசுவேன் என்று பல வருடம் பொறுத்திருந்துவிட்டு, பேசுகிற ஒருவரோடு தூரினுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் போன அன்று, கையிலிருந்த நாவலைப் படித்து முடித்த பிறகுதான் வீட்டில் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தேன்.

நீவெஸை அக்வி ஊரின் வெந்நீர் ஊற்றில் சந்தித்தேன். முழங்கால் வலிக்காரர்களை அங்கே படுக்கவைத்துச் சூடான சேற்றை அப்பிப் போர்வையால் சுற்றிவிடுவார்கள். அந்தக் கோலத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கவர முயல்வது வீண், நானும் முயலவில்லை. பக்கத்துப் படுக்கையில் அவள் ஒரு தடித்த நாவலைப் படித்தாள். நான் இன்னொன்றைப் படித்தேன். சில நாட்கள் இப்படியே போயின. ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "உங்களுது முடியப்போகுது போல. முடிஞ்சதும் மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். அதைவிட அந்தரங்கமான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் வெர்செல்லியில் மருந்துக்கடை வைத்திருந்தவள். கணவன் இறந்த பிறகு கடையை விற்றுவிட்டு, நெல்வயல்களைப் பார்த்த ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசினோம். பேசினோம் என்பது கொஞ்சம் மிகை. அந்த வாரம் படித்ததைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்வோம். பிறகு அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை நான் கேட்பேன். என் ஜன்னல் வழியாக வரும் கப்பல் சங்கை அவள் கேட்பாள். யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால், இரண்டு பேர் போனை வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் அந்த மௌனத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பது போல இருந்தது.

ஒரு வருடம் ஓடியது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அந்த வாரத்துப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வேறு விஷயத்தை ஆரம்பித்தாள்.

"நோவாராவுல ஒரு பல் டாக்டர் இருக்கார். மான்தெல்லின்னு பேர். மனைவி தவறிட்டாங்க. நல்ல மனுஷர். வாண்டாவையும் என்னையும் அடுத்த மாசம் கப்பல் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டிருக்கார். ஒரு வாரம்."

வாண்டா அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. கடிகாரம் ஓடியது.

"கப்பல்ல வச்சு என்கிட்ட ஒண்ணு கேக்கப்போறார். என்னன்னு எனக்கும் தெரியும், வாண்டாவுக்கும் தெரியும்."

கடிகாரம் ஓடியது.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னால ஒரு நாள் உங்க ஊரைப் பாக்கலாம்னு தோணுது. கூட்டிட்டுப் போவீங்களா, எர்கோலே?"

"அந்த மாசம் கூட்டம் குறைவாத்தான் இருக்கும்," என்றேன்.

புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. டாக்டர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டாக வேண்டும். அதற்கு எனக்கு ஒரு நாளை ஒதுக்கித் தந்திருக்கிறாள். கேட்காமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் நோவாராவுக்குப் போய்விடும். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அன்று மாலை நான் யோசித்ததெல்லாம் எந்த இடத்துக்கு எந்த பஸ் என்பதைத்தான்.

புறப்படும் வாரத்தில் வாண்டா போன் செய்தாள். அவளோடு பேசுவதற்கு நான் தேவையே இல்லை; ஆனாலும் அன்று ஒரு கேள்வி கேட்டாள்.

"கப்பல் எங்கேருந்து கிளம்புதுங்க? டாக்டர் சவோனான்னு என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் சிரித்தேன். நான் சிரிப்பது அபூர்வம் என்பதால் அது எனக்கு நினைவிருக்கிறது. நெல்வயல் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றாலே சவோனாதான். கோடையில் குழந்தைகளையும் தர்பூசணியையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் குளிக்கப் போவார்கள். ஜெனோவாக்காரனுக்கோ சவோனா என்பது ரயில் நிற்கும் ஓர் ஊர்.

"அவர் பல் டாக்டர்தானே?" என்றேன்.

"ஆமா."

"கப்பல்னா ஜெனோவாதாங்க. வேற எங்கேருந்து கிளம்பும்?"

"நீங்க துறைமுகத்துலயே இருந்த ஆளு. உங்களுக்குத் தெரியாததா?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர்கள் வந்த ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. வாண்டா சிவப்புக் கோட்டில் முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், அப்புறம் நீவெஸ். சாம்பல் நிறத் தொப்பி. கையில் ஒரு புத்தகம், நடுவில் ரயில் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தாள். டாக்டர் நோவாராவிலிருந்து தன் காரிலேயே நேரே கப்பலுக்கு வந்துவிடுவார் என்றாள் வாண்டா. ரயில் என்றால் அவருக்குத் தலை சுற்றுமாம். கப்பலில் சுற்றாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பெட்டிகளை ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டு, முதலில் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு லிஃப்டில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக லிஃப்ட் ஏறுவோம். மேலே கம்பி வேலிக்கருகில் நின்றால், கூரைகளைத் தாண்டி மொத்தத் துறைமுகமும் தெரியும். அன்று அங்கே ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. கப்பல் என்பதைவிட, ஒரு குடியிருப்பு வீதியைப் பெயர்த்து வந்து தண்ணீரில் நிறுத்திவைத்தது போல.

"அதோ," என்றேன். "உங்க கப்பல்."

"இவ்வளவு பெருசா!" என்று வாண்டா கைகொட்டினாள். "அடியே நீவெஸ், பாரு, மேல சறுக்குமரம்கூட இருக்கு!"

"பேர் தெரியுதா?" என்று கேட்டாள் நீவெஸ்.

"இங்கேருந்து தெரியாது. ஆனா அதுதான்."

வாழ்நாள் முழுதும் கையில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தவன் நான். மருந்துச் சீட்டுகளையும் சோப்பு உறைகளையும்கூட விட்டதில்லை. அந்தக் கப்பலின் நெற்றியில் எழுதியிருந்த ஒரே ஒரு சொல்லைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வாண்டா, காற்று வாங்குகிறேன் என்று சொல்லிக் கொஞ்சம் தள்ளிப் போனாள். போகும்போது என் முழங்கையில் ஒரு குத்து விட்டுப் போனாள். நானும் நீவெஸும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நல்ல மௌனம் அது. நாங்கள் இதுவரை சேர்ந்து இருந்ததிலேயே மிகச் சிறந்தது என்று நினைத்தேன். எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது போல இருந்தது. வாண்டா திரும்பி வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல," என்றாள் நீவெஸ்.

அடுத்தது காலைப் பலகாரம். எங்கள் ஊர் வழக்கப்படி உப்பும் எண்ணெயும் மினுங்கும் ஃபொக்காச்சா ரொட்டியைப் பால் காப்பியில் முக்கிச் சாப்பிட்டேன்.

"ஐயே! உப்பு ரொட்டியைக் காப்பியிலயா?" என்று வாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டாக்டர் பாத்தா மயங்கி விழுந்துடுவார்."

நீவெஸ் என் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து, தன் கோப்பையில் முக்கி, மெதுவாக மென்றாள். காப்பியின் மேல் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள் மிதந்தன. "மோசமில்ல," என்றாள். ஒரு பெண் தன் காப்பியைக் கெடுத்துக்கொண்டது எனக்காகத்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு, வாண்டா சொல்வது சரியாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இதை நான் விளக்கியாக வேண்டும். ஸ்தாலியேனோ கல்லறை எங்கள் ஊரின் பெருமை. ஊருக்கு வரும் யாரையும் நாங்கள் அங்கே அழைத்துப் போவோம். அமைதியான இடம், உட்காரக் கல் பெஞ்சுகள் உண்டு, வாயைத் திறந்தால் நடுவில் குறுக்கிட யாரும் இல்லை. மனத்தில் இருப்பதைச் சொல்ல அதுதான் இடம் என்று ஒரு வாரமாக முடிவு செய்து வைத்திருந்தேன். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியதைக் கேட்க, அத்தனை பெரிய ஊரில் எனக்குத் தோன்றிய ஒரே இடம் அது.

"ஏங்க," என்றாள் வாண்டா, வாசலைப் பார்த்ததும். "சுத்திப் பாக்கத்தான வந்தோம்? இல்ல, இடம் பிடிக்க வந்தோமா?"

உள்ளே ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. சந்தையில் தின்கிற கொட்டைகளை மாலையாகக் கோத்து விற்றவள். தான் சேர்த்த காசில், உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைத் தானே செய்துகொண்டவள். கழுத்தில் கொட்டை மாலை, பாவாடையில் சரிகை, எல்லாம் கல்லில். அதன் முன்னால் நீவெஸும் நானும் நின்றோம். வாண்டா வெகுதூரத்தில், ஒரு சிறகுள்ள தேவதையைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். நீவெஸ் என் பக்கம் திரும்பினாள். அன்றைய நாளின் மிக நீண்ட உரையை அங்கேதான் நிகழ்த்தினேன். கொட்டைகளை எப்படி நூலில் கோப்பார்கள், எந்தத் திருவிழாவில் விற்பார்கள், எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் சொன்னேன். எனக்கு அவ்வளவு தெரியும் என்பது எனக்கே தெரியாது.

அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம், "எர்கோலே, என்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

இதைவிட அகலமாக ஒரு கதவைத் திறக்க முடியாது. கதவு மட்டுமல்ல, சுவரையே எடுத்துவிட்டாள்.

"பஸ் வர்ற நேரம் ஆச்சு," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தாள். வாண்டா என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

"சொல்லியாச்சா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கொட்டையைப் பத்தி."

வாண்டா நின்றுவிட்டாள். பிறகு, சிலைகளுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இங்க படுத்திருக்கிறவங்க உங்களைவிடச் சுறுசுறுப்புய்யா."

பெட்டிகளை எடுத்துக்கொண்டு கப்பல் நிலையத்துக்கு நடந்தோம். ரயில் நிலையத்திலிருந்து இறங்கினால் வந்துவிடும் தூரம்தான். நான் இரண்டு பெட்டிகளையும் இழுத்தேன். பலசாலியின் பெயர் கொண்டவன் அல்லவா? வெள்ளைக் கப்பல் தெருமுனையில் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அடியிலும் என்னிடமிருந்து ஒரு வாக்கியம் குறைந்துகொண்டே வந்தது. வாசலுக்கு வந்தபோது மீதி ஒன்றும் இல்லை.

வாண்டாவின் கைபேசி அடித்தது. டாக்டர்.

"எங்க இருக்கீங்க? நான் வாசல்லயே நிக்கிறேன்."

"நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம், டாக்டர்."

"எந்த வாசல்?"

"கப்பல் வாசல். உங்களைத்தான் காணோம்."

"எனக்குப் பின்னாடியே கப்பல் நிக்குதும்மா. பெரிய வெள்ளைக் கப்பல்."

"எங்களுக்கு முன்னாடியும் நிக்குது. கையை ஆட்டுங்க பாப்போம்."

டாக்டர் கையை ஆட்டியிருக்க வேண்டும். வாண்டாவும் ஆட்டினாள். எங்களைப் பார்த்து, சீருடை அணிந்த ஒரு பெண் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப மரியாதையான பெண்.

"இந்தக் கப்பல் இல்லைங்க. உங்களுது சவோனாவுல நிக்குது."

எனக்கு மௌனங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதை உடைத்தது வாண்டா. "அவர் பல் டாக்டர்தானே!" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "கப்பல்னா ஜெனோவாதாங்க! வேற எங்கேருந்து கிளம்பும்! காலையிலேருந்து மூணு மலை ஏறி, அடுத்தவன் கப்பலை வேடிக்கை பாத்திருக்கோம்! கை வேற தட்டுனேன்!"

நீவெஸ் என்னை மட்டும் பார்த்தாள். கோபம் இல்லை. கண்ணில் ஏதோ ஒரு வெளிச்சம்கூட இருந்தது.

"எர்கோலே," என்றாள் மெதுவாக. "வேணும்னே செஞ்சீங்களா?"

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சொல் போதும். 'ஆமாம்' என்றிருந்தால், ஒரு பெண்ணுக்காக ஒரு கப்பலையே ஒளித்துவைத்த மனிதன் ஆகியிருப்பேன். அவளே அந்தப் பதவியை எடுத்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தாள்.

"இல்ல," என்றேன். "நிஜமாவே தப்பா நினைச்சுட்டேன்."

"அப்படியா," என்றாள். அந்த வெளிச்சம் போய்விட்டது. அது ஏமாற்றம் என்று வாண்டா பிற்பாடு சொன்னாள். அப்போது நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன்.

ஓடிப்போய் டாக்ஸி பிடித்தேன். கிடைத்தது கில்டோ; என் தெருக்காரன், முணுமுணுப்பதில் ஊரிலேயே கெட்டிக்காரன்.

"சவோனாவா? அங்க என்னப்பா இருக்கு?"

"கப்பல்."

"கப்பல் இங்கதான இருக்கு."

"அது வேற கப்பல், கில்டோ."

"சவோனாவுல எதுக்கு நிறுத்துறான்? அங்க தண்ணி இருக்கா?" என்றபடியே பெட்டிகளைத் தூக்கிப் போட்டான்.

நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியதும் தெரிந்துவிட்டது: எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையை எப்போதும் எங்கேயாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம், நின்றுவிட்டோம். முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை. டாக்டர் மறுபடி கூப்பிட்டார். சுரங்கத்துக்குள் ஓசை விட்டுவிட்டு வந்தது. கப்பல்காரர்களிடம் பேசிவைக்கிறாராம், ஆனால் ரொம்ப நேரம் நிறுத்தமாட்டார்களாம்.

நான் யோசித்தது இதுதான். ஒன்றும் செய்யாமல் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், கப்பல் போய்விடும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அப்படிக் கிடைத்தால், என் வாழ்க்கையில் கிடைத்த மற்ற எல்லாவற்றையும் போல, அதுவும் யாரோ செய்யும் சாலைப் பழுதால் கிடைத்ததாகிவிடும். அவளும் கப்பலைத் தவறவிட்டவளாக மட்டும்தான் என்னோடு இருப்பாள்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்கண்ணாடியில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பேசினேன்.

"நீவெஸ், அவர் கேட்டா சரின்னு சொல்லிடாதீங்க."

பின்னால் வாண்டா மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. கில்டோ கையை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

"ஏன்?" என்றாள் நீவெஸ்.

ஒரு வருடமாக நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் நல்ல வாக்கியங்கள். ஒன்றிரண்டில் உவமைகூட இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தல," என்றேன்.

பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது; சுரங்கம் முழுதும் உருண்டு போயிற்று.

"அட," என்றான் கில்டோ கடைசியில். "ஏம்மா, இவன் என் தெருவுலதான் இருக்கான். இவ்வளவு பெரிய வாக்கியம் நானே இப்பத்தான் கேக்குறேன்."

"இதைச் சொல்ல இவருக்கு மலையைக் குடைஞ்சு கொடுக்க வேண்டியிருக்கு," என்றாள் வாண்டா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மிட்டாய் காரணமாக இருக்கலாம்.

நீவெஸ் பதில் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு நான் பரிமாறிய பண்டத்தை முதன்முதலாக என் தட்டில் வைத்தார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூரினுக்குப் போனவளை நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க ஆசையாக இருந்தது.

வரிசை நகர்ந்தது. "கொஞ்சம் வேகமா போ, கில்டோ," என்றேன்.

"நிஜமாவா சொல்ற?" என்று அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நிஜமாத்தான்."

சவோனாவில் கப்பல் இருந்தது. அங்கே தண்ணீரும் இருந்தது. வாசலில் டாக்டர் மான்தெல்லி காத்துக்கொண்டிருந்தார்: உயரமான மனிதர், நல்ல கோட்டு, அதைவிட நல்ல சிரிப்பு. சொத்தைப் பல்லாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க இல்லைன்னா இவங்க வந்து சேந்திருக்க மாட்டாங்க."

நான் இல்லாவிட்டால் அவர்கள் காலையிலேயே வந்து சேர்ந்திருப்பார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வாண்டாவும் சொல்லவில்லை. அதற்கு நான் அவளுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டரும் வாண்டாவும் பெட்டிகளோடு உள்ளே போனார்கள். நீவெஸ் ஒரு நிமிடம் பின்தங்கினாள்.

"நான் போறேன், எர்கோலே," என்றாள். "அவர்கிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கேன். எதுன்னாலும் நேர்ல சொல்லணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல."

நான் தலையாட்டினேன்.

"நீங்க ஒரு வருஷம் எடுத்துக்கிட்டீங்க. எனக்கு ஒரு வாரம் குடுங்க."

பிறகு அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை; பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கில்டோ என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் சாலையைத் திட்டினான், சவோனாவைத் திட்டினான், நகரசபையைத் திட்டினான். என்னை மட்டும் திட்டவில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த வாரம் என்னால் படிக்க முடியவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டின் அமைதி எனக்கு எப்போதும் ஒரு நல்ல நாற்காலி போல இருந்தது. அந்த வாரம் அதில் எங்கோ ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. கப்பலில் இந்நேரம் நடனம் நடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். டாக்டர் நன்றாக ஆடுவார். அவர் போட்டிருந்த காலணிகள் ஆடக்கூடியவை. ஒருநாள் ரொட்டிக் கடைக்காரியிடம் காரணமே இல்லாமல் வானிலையைப் பற்றிப் பேசினேன். அவள் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் போன் அடித்தது. கடிகாரச் சத்தம் கேட்டது, வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவர் கேட்டார்," என்றாள். "இல்லைன்னு சொன்னேன்."

நான் மூச்சுவிட்டேன்.

"உங்களுக்காக மட்டும் இல்ல. காலைச் சாப்பாட்டுலேருந்து பேச ஆரம்பிக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனா ஒரு வாரத்துல ஒரு அத்தியாயம்கூட முடிக்க முடியல."

கடிகாரம் ஓடியது. இந்த முறை அந்த மௌனத்தை நான்தான் உடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமையா? ஒண்ணுமில்ல."

"நான் வரட்டுமா?"

"காலை ரயில்ல வாங்க," என்றாள். "எங்க ஸ்டேஷன் வெர்செல்லி. வேற எங்கயும் இறங்கிடாதீங்க."

நீவெஸும் நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் தன் வீட்டை விற்கவில்லை, நானும் விற்கவில்லை. வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. டாக்டர் மான்தெல்லி இப்போதும் நோவாராவில் பல் பார்க்கிறார். போன குளிர்காலத்தில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் அவர்தான், வலிக்கவே இல்லை. வாண்டாவும் அவரும் வருடம் ஒருமுறை கப்பலில் போய்வருகிறார்கள். தனித்தனி அறை என்று வாண்டா கேட்காமலே சொல்கிறாள். கில்டோவுக்கு மாரடைப்பு வந்து பிழைத்துக்கொண்டான். டாக்ஸியை மருமகனிடம் கொடுத்துவிட்டான். ஜெனோவாவில் நான் பெயரைப் படிக்காமல் விட்ட அந்தக் கப்பல் வேறு கம்பெனிக்குக் கைமாறி, இப்போது வேறு பெயரில் ஓடுவதாகக் கேள்வி.